வெற்றுக்கோட்டில் எழுதிய பெயரை யார் எண்ணுவார்கள்?

2024 நவம்பர் தேர்தலில் நான் போட்ட வாக்குகளில் ஒன்றை யாரும் எண்ணவில்லை. மோசடி எதுவும் நடக்கவில்லை, இயந்திரமும் பழுதாகவில்லை, சட்டப்படிதான் எண்ணாமல் விட்டார்கள். அந்தச் சட்டம் என்னவென்று எனக்குத் தெரிந்தது தேர்தல் முடிந்து ஒரு வாரம் கழித்து. அன்றிலிருந்து இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் வாக்குப் போடும் தமிழர்கள் நிறையப் பேருக்கு இது தெரிந்திருக்காது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள புறநகர் ஒன்றில். எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு நிர்வாகக் குழு உண்டு, அதன் உறுப்பினர்களை ஊர்க்காரர்கள்தான் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். சம்பளம் பெயருக்குக்கூடக் கிடையாது, கூட்டம் மட்டும் மாதாமாதம் உண்டு. அந்த வருஷம் ஓர் இடத்துக்கு ஒருவரும் மனு கொடுக்கவில்லை. வாக்குச்சீட்டில் பதவியின் பெயர் இருந்தது, கீழே ஒரு சின்ன நீள்வட்டம், அதன் பக்கத்தில் நாமே ஒரு பெயரை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக்கோடு.

அந்த நூலகத்தில் பல வருஷமாகச் சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் அக்கா ஒருவர் இருக்கிறார். எந்த அலமாரியில் என்ன புத்தகம் என்று ஊழியர்களுக்கு இணையாக அவருக்குத் தெரியும். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் மாதிரி வாக்குச்சீட்டைப் படம் எடுத்துப் போட்டு, "இந்த இடம் சும்மாதானே கிடக்கு, அக்கா பேரை எழுதினா என்ன?" என்று கேட்டார். அக்கா முதலில் "எனக்கு எதுக்குப்பா அதெல்லாம்" என்றார். இரண்டு நாள் எல்லோரும் விடாமல் பேசியதில், "சரி, எழுதறதுன்னா எழுதுங்க, வந்தா பாத்துக்கலாம்" என்று இறங்கி வந்தார். நாற்பது பேருக்கு மேல் எழுதினோம். நான் வாக்குச்சாவடியில் நின்று, எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன், வட்டத்தையும் மறக்காமல் நிரப்பினேன்.

முடிவு வந்தபோது அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை. தேர்தல் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். போனை எடுத்த பெண்மணி பொறுமையாகவே விளக்கினார். மிச்சிகனில் அப்படி எழுதப்படும் பெயர் எண்ணப்பட வேண்டுமென்றால், அந்தப் பெயருக்கு உரியவர் "நான் எழுதிப்போடும் வேட்பாளராக நிற்கிறேன்" என்று ஒரு படிவத்தைத் தேர்தலுக்கு முந்தைய இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தேர்தலுக்கு அது அக்டோபர் 25. கட்டணம் இல்லை, கையெழுத்து திரட்ட வேண்டியதும் இல்லை, ஒரு படிவம் போதும். அதை அக்கா கொடுத்திருந்தால் எங்கள் நாற்பது வாக்கே அதிகம், எதிரில் ஆளே இல்லாததால் ஒரே ஒரு வாக்கில்கூட ஜெயித்திருப்பார். கொடுக்காததால் நாற்பதும் ஒன்றுமில்லாமல் போயின. இடம் காலி என்று அறிவித்து, குழுவில் ஏற்கெனவே இருந்தவர்கள் வேறொருவரை நியமித்துக்கொண்டார்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோடு போட்டுக் கொடுத்துவிட்டு, அதில் எழுதுவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது என்பதை எங்களில் ஒருவர் கண்ணிலும் படும்படி வைக்கவில்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே இதை ரைட்-இன் என்பார்கள். வாக்குச்சீட்டில் அச்சடித்த பெயர்கள் யாரையும் பிடிக்கவில்லை என்றால், கடைசியில் இருக்கும் கோட்டில் நீங்களே ஒரு பெயரை எழுதலாம். நம் ஊரில் பழைய 49-ஓ, 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நோட்டா எல்லாம் "இவர்கள் யாரும் வேண்டாம்" என்று சொல்லத்தான் உதவும். ரைட்-இன் ஒரு படி மேலே போய் "இவர் வேண்டும்" என்று சொல்ல விடுகிறது. எனக்கு இந்த நாட்டுத் தேர்தல் முறையில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான். ஆனால் அமெரிக்காவில் தேர்தல் நடத்துவது பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது, அதனால் இந்தக் கோட்டுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் பொருள் மாறுகிறது. பென்சில்வேனியா, நியூ ஜெர்ஸி மாதிரி இடங்களில் உள்ளூர்ப் பதவிக்கு யாரும் முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டியதில்லை, யார் பெயரை எழுதினாலும் அது வாக்கு. மிச்சிகன், டெக்சாஸ், ஃபுளோரிடா, அலாஸ்கா போன்றவற்றில் பதிவு செய்தவர் பெயருக்கு விழுந்தால்தான் அது வாக்கு. ஹவாய், லூசியானா, ஒக்லஹோமா, தெற்கு டகோட்டா, நெவாடா ஆகியவற்றில் கோடே கிடையாது.

நெவாடாவில் கோட்டுக்குப் பதிலாக நோட்டா மாதிரியே ஒன்று இருக்கிறது, "இந்த வேட்பாளர்களில் யாரும் இல்லை" என்று 1970-களின் நடுவிலிருந்தே அச்சடிக்கிறார்கள். அதுவே முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்த மனிதர்தான் ஜெயித்தவர். 1976-இல் பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த முதல்நிலைத் தேர்தலில் அப்படியே நடந்து, இரண்டாவதாக வந்த வால்டன் எர்ஹார்ட் வேட்பாளரானார். நோட்டாவைப் பற்றி நம் ஊரில் கேட்கும் அதே புலம்பல்தான் அங்கேயும்.

ஹவாய் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1986-இல் ஹொனலூலுவைச் சேர்ந்த ஆலன் பர்டிக் என்ற வாக்காளர், தன் தொகுதியில் மாநிலச் சபை இடத்துக்கு ஒரே ஒருவர்தான் மனு கொடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, நான் வேறொரு பெயரை எழுதலாமா என்று மாநில அதிகாரிகளிடம் கேட்டார். எங்கள் சட்டத்தில் அதற்கு வழியில்லை என்று பதில் வந்தது. வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டில் தோற்றார். கடைசியில் 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் ஹவாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட் சொன்ன காரணம் சுருக்கமாக இது: ஹவாயில் வாக்குச்சீட்டில் பெயர் வரவைப்பது சுலபம், முதல்நிலைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு வரை மனு கொடுக்கலாம், கடைசி நேரத்தில் மனம் மாறுபவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தடை சுமை. தேர்தல் என்பது ஆட்களைத் தேர்ந்தெடுக்கத்தான், ஒவ்வொருவரும் தன் மனக்குறையைப் பதிவு செய்ய அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. கட்சிக்குள் தோற்றவர் சுற்றி வந்து மறுபடி நிற்பதைத் தடுப்பதும் மாநிலத்தின் நியாயமான நோக்கம் என்றார்கள்.

நீதிபதி ஆண்டனி கென்னடி இதை ஏற்கவில்லை. ஒரே கட்சி ஓங்கியிருக்கும் மாநிலத்தில், ஒரே பெயர் இருக்கும் சீட்டை நீட்டி "இதில் போடு, இல்லாவிட்டால் போடாமல் போ" என்பது அந்த வாக்காளருக்குச் சுமை இல்லாமல் வேறென்ன என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நான் முழுக்க அவர் பக்கம். இரண்டு மாதம் முன்பு மனு கொடுக்கலாமே என்பது நிற்க நினைப்பவரின் வசதியைப் பற்றிய பேச்சு. வாக்காளருக்கு யார் யார் நிற்கிறார்கள் என்பதே மனு கொடுக்கும் நாள் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. தெரிந்த பின் அவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்றால், யாருக்கு எப்போது இருந்தது அந்தச் சுலபம்?

அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் செல்லும். அதனால் கோடு வேண்டாம் என்று ஒரு மாநிலம் முடிவு செய்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அதை அசைப்பது கடினம். கலிபோர்னியாகூட, 2010-இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த "முதல் இரண்டு பேர்" முறைக்குப் பிறகு (கட்சி பார்க்காமல், முதல்நிலைத் தேர்தலில் அதிக வாக்கு வாங்கிய இருவர் மட்டும் நவம்பரில் மோதுவது), அந்த முறையில் வரும் பதவிகளுக்கு நவம்பர் தேர்தலில் ரைட்-இன்னை நிறுத்திவிட்டது. முதல்நிலைத் தேர்தலில் மட்டும் எழுதலாம்.

சரி, கோடு இருக்கும் மாநிலத்தில் அங்கே பெயர் எழுதப்படத் தகுதியுள்ளவர் யார்? நான் இதில்தான் அதிகம் நேரம் செலவழித்தேன். வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கான தகுதியும், பதவியில் உட்காருவதற்கான தகுதியும் வேறு வேறு என்பது முதலில் பிடிபட வேண்டும். செனட்டர் ஆக 30 வயது, 9 ஆண்டுக் குடியுரிமை, தேர்ந்தெடுக்கப்படும்போது அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருப்பது, இவை அரசியலமைப்பில் இருப்பவை. பிரதிநிதிகள் சபைக்கு 25 வயதும் 7 ஆண்டும். ரைட்-இன் என்பதால் இவற்றில் ஒரு நாள்கூடக் குறையாது. மனு, கட்டணம், கையெழுத்து, கடைசித் தேதி எல்லாம் பெயரை அச்சடிப்பதற்காக மாநிலம் வைத்திருக்கும் நிபந்தனைகள். ரைட்-இன் வேட்பாளர் தாண்டிப்போவது இவற்றை மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை வைத்து ஆர்க்கன்சா ஒரு வேலை பார்த்தது. 1992-இல் அந்த மாநில மக்கள் நிறைவேற்றிய 73-ஆவது திருத்தம், பிரதிநிதிகள் சபையில் மூன்று முறையோ செனட்டில் இரண்டு முறையோ இருந்தவர்களின் பெயரை வாக்குச்சீட்டில் அச்சடிக்கக் கூடாது என்றது. ஆனால் அவர்கள் ரைட்-இன்னாக நிற்கலாம். நாங்கள் தகுதியைக் கூட்டவில்லையே, அச்சில்தானே பெயர் வராது, மக்கள் எழுதிப் போட்டு ஜெயிக்க வைக்கலாமே என்பது மாநிலத்தின் வாதம். 1995-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதைத் தள்ளிவிட்டது. நேராகச் செய்யக் கூடாததைச் சுற்றி வந்தும் செய்யக் கூடாது என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு சொல்கிறது, அரசியலமைப்பு வைத்த தகுதிகளுக்கு மேல், காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நிற்பவர்களுக்கு மாநிலங்கள் எதையும் சேர்க்க முடியாது. எழுதிப்போட வழி இருக்கிறதே என்பது சமமான வழி ஆகாது என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்ட இடம் அது. மூன்று வருஷம் முன்பு ஹவாய் வழக்கில் இந்த வழி பெரிய விஷயமே இல்லை என்ற அதே நீதிமன்றம்தான்.

உள்ளூர்ப் பதவிகளுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் இரண்டு முறை மேயராக இருந்தவரின் பெயரை மறுபடி அச்சடிக்க முடியாது என்று அப்போது விதி இருந்தது. பெவர்லி ஓநீல் 2002-இல் ரைட்-இன்னாக நின்று மூன்றாம் முறையும் ஜெயித்தார். பெயரை எழுதத் தெரிந்த வாக்காளர்கள் அவருக்கு அத்தனை பேர் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்து டெட்ராய்ட்டில் நடந்தது இன்னும் விசித்திரம். 2013 மேயர் தேர்தலுக்கு நின்ற மைக் டகன், புறநகரான லிவோனியாவிலிருந்து 2012-இல்தான் நகருக்குள் குடிவந்தார். மனு கொடுக்கும்போது ஒரு வருஷமாக நகரத்தின் பதிவு பெற்ற வாக்காளராக இருக்க வேண்டும் என்பது நகரச் சாசனத்தின் விதி. அவர் வாக்காளராகப் பதிவு செய்தது 2012 ஏப்ரல் நடுவில், மனுவைக் கொடுத்தது 2013 ஏப்ரல் தொடக்கத்தில். கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. சுறுசுறுப்பாக முன்னாலேயே கொடுத்ததுதான் தப்பாகப் போயிற்று, இரண்டு வாரம் பொறுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. நீதிமன்றங்கள் அவர் பெயரை நீக்கிவிட்டன. ஒதுங்கப் போகிறேன் என்றவர், அப்புறம் ரைட்-இன்னாகத் திரும்பி வந்தார். அதற்குள் ஒரு வருஷம் கடந்திருந்தது. ஏறக்குறைய அவர் பெயரையே கொண்ட ஒரு முடிதிருத்துநரும் ரைட்-இன்னாகப் பதிவு செய்தார். நம் ஊரில் பெரிய வேட்பாளருக்கு எதிராக அதே பெயருள்ள சுயேச்சைகள் முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் அச்சடித்த சீட்டில் சின்னமாவது வித்தியாசம் காட்டும், இங்கே கையால் எழுதிய ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஆகஸ்ட் முதல்நிலைத் தேர்தலில் டகன் முதலிடம் பிடித்தார். எண்ணியவர்கள் ஆயிரக்கணக்கான ரைட்-இன் வாக்குகளை விதியில் சொன்னபடி கோடு கோடாகக் குறிக்காமல் மொத்தமாக எண்ணில் எழுதிவிட்டார்கள் என்று பெரிய தகராறு வந்து, தேர்தல் முடிவுகளைச் சரிபார்க்கும் மாநிலக் குழு வரை போய்த்தான் முடிவு உறுதியானது. நவம்பரிலும் அவரே ஜெயித்து மேயரானார்.

எழுத்துப் பிழை பற்றிய பெரிய வழக்கு அலாஸ்காவில். 2010-இல் செனட்டர் லிசா முர்கௌஸ்கி தன் குடியரசுக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றுவிட்டு, நவம்பரில் ரைட்-இன்னாக நின்றார். அந்தக் குடும்பப் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது ஆங்கிலம் பேசுபவர்களுக்கே கஷ்டம். பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டும் விளம்பரம், பெயர் பொறித்த கைப்பட்டை என்று பிரச்சாரம் முழுக்க ஒரு சொல்லைக் கற்றுக்கொடுப்பதாகவே இருந்தது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள், 10,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். எழுத்து மாறிய சீட்டுகளை எல்லாம் தள்ள வேண்டும் என்று மில்லர் வழக்குப் போட்டார். அப்படித் தகராறில் இருந்த எட்டாயிரத்துச் சொச்சம் சீட்டுகளைத் தள்ளினாலும் முர்கௌஸ்கி சுமார் 2,000 வாக்குகள் முன்னிலையில்தான் இருந்தார். இருந்தாலும் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விக்கே நேராகப் பதில் சொன்னது: வாக்காளர் யாரை நினைத்து எழுதினார் என்பது தெளிவாக இருந்தால் எழுத்துப் பிழைக்காக அதைத் தள்ளக் கூடாது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத எங்களைப் போன்றவர்கள் வாழும் நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் அக்காவின் பெயரை எங்களில் நான்கு பேர் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவோம்.

இதே முர்கௌஸ்கி டெக்சாஸ்காரராக இருந்திருந்தால் நின்றே இருக்க முடியாது. முதல்நிலைத் தேர்தலில் வேட்பாளராக இருந்தவர் அதை அடுத்து வரும் பொதுத் தேர்தலில் ரைட்-இன் பட்டியலில் வரக் கூடாது என்பது அங்கே சட்டம். தோற்றவர் மறுபடி நிற்கத் தடை பல மாநிலங்களில் உண்டு. தடை அச்சடித்த பெயருக்கு மட்டுமா, எழுதும் பெயருக்கும் சேர்த்தா என்பதில்தான் மாநிலங்கள் வேறுபடுகின்றன. நியூயார்க்கில் அப்படித் தடை இல்லாததால், 2021-இல் பஃபலோ மேயர் பைரன் பிரவுன் ஜனநாயகக் கட்சி முதல்நிலைத் தேர்தலில் இந்தியா வால்ட்டன் என்ற பெண்ணிடம் தோற்ற பிறகும் ரைட்-இன்னாக வந்து, தன் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்பை மக்களிடம் கொடுத்து ஜெயித்தார். ஸ்டாம்பு குத்துவதும் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கட்சிக்காரர்கள் முறையாகத் தேர்ந்தெடுத்த வேட்பாளருக்கு இது அநியாயம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் வால்ட்டனை நினைத்தால் கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் முதல்நிலைத் தேர்தலில் வாக்குப் போடுபவர்கள் ஊரில் ஒரு பகுதிதான், நவம்பரில் போடுபவர்கள் மொத்த ஊரும். இரண்டும் மோதினால் நான் ஊரின் பக்கம்.

கோட்டின் பழைய வரலாறு அத்தனையும் பெருமைக்குரியது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1954-இல் தென் கரோலினாவில் ஸ்ட்ராம் தர்மண்ட் ரைட்-இன்னாக செனட்டுக்குப் போனார். 1958-இல் ஆர்க்கன்சாவில் டேல் ஆல்ஃபர்ட், தேர்தலுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன்புதான் நிற்கிறேன் என்று அறிவித்து, பெயர் அச்சடித்த ஸ்டிக்கர்களை ஒட்டவைத்து, மிதவாதியான புரூக்ஸ் ஹேஸைத் தோற்கடித்தார். ஜெயித்த இருவருமே கறுப்பினத்தவரைப் பிரித்து வைக்கும் கொள்கையை ஆதரித்தவர்கள். கறுப்பின மாணவர்களை வெள்ளையர் பள்ளியில் சேர்ப்பதை எதிர்த்துக் கிளம்பிய லிட்டில் ராக் பள்ளிப் பிரச்சினைக்கு அடுத்த வருஷம் அது, ஆல்ஃபர்ட்டின் அலை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. இதைப் படித்தபோது நான் ஒரு நாள் முழுக்க எழுதுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஆனால் அந்தக் காலத் தெற்கில் அச்சடித்த பெயர்களும் பெரும்பாலும் அதே கொள்கைக்காரர்கள்தான். கோளாறு வாக்களிக்க விடப்படாதவர்களின் எண்ணிக்கையில் இருந்தது, கோட்டில் அல்ல என்பது என் முடிவு.

ஃபுளோரிடாவில் ரைட்-இன் விதி வேறொரு விதமாக வாக்காளரைக் கெடுக்கிறது. 1998-இல் அந்த மாநில அரசியலமைப்பில் ஒரு நல்ல திருத்தம் வந்தது: ஒரு பதவிக்கு நிற்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சி, நவம்பரில் எதிர்ப்பே இருக்காது என்றால், அந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் எல்லா வாக்காளர்களும் வாக்களிக்கலாம். கொஞ்ச காலத்திலேயே, ஒரே ஒரு ரைட்-இன் வேட்பாளர் பதிவு செய்தாலும் அது எதிர்ப்புதான், அதனால் முதல்நிலைத் தேர்தல் கட்சிக்காரர்களுக்கு மட்டும் என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அங்கே ரைட்-இன்னாகப் பதிவு செய்யக் கட்டணமும் இல்லை, கையெழுத்தும் வேண்டாம். பிரச்சாரமே செய்யாத, யாரும் பார்த்திராத ஒருவர் ஒரு படிவம் கொடுத்தால் போதும், தொகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் முதல்நிலைத் தேர்தலில் வாக்குப் போடும் வாய்ப்பை இழக்கிறார்கள். அதைக் கட்டுப்படுத்த, ரைட்-இன் வேட்பாளர் பதிவு செய்யும்போதே அந்தத் தொகுதியில் வசிக்க வேண்டும் என்று சட்டமன்றம் ஒரு விதி போட்டது. 2014-இல் ப்ரோவர்ட் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆணையர் தேர்தலில் தொகுதிக்கு வெளியே வசித்த ஒருவரின் பதிவை எதிர்த்து வழக்கு வந்தது. 2016-இல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. கவுண்டி ஆணையர் தேர்தல் நாளன்று அங்கே வசித்தால் போதும் என்று மாநில அரசியலமைப்பு சொல்லும்போது, சட்டமன்றம் அதற்கு மேல் கூட்ட முடியாது என்பது காரணம். சட்டக் கணக்குப்படி சரியான தீர்ப்பு, எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. ஆனால் சட்டத்தில் இருக்கும் அந்தப் பொத்தல் அப்படியே இருக்கிறது. பெயர் எழுத வைத்த கோடு, அங்கே மற்றவர்களின் வாக்கைப் பூட்டும் சாவியாகிவிட்டது.

இவ்வளவும் படித்த பிறகு, பதிவு வேண்டும் என்ற மிச்சிகன் விதி தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மிக்கி மவுஸ் என்று எழுதுபவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள், அந்தச் சீட்டுகளை எல்லாம் தனித்தனியாக எண்ணி அறிக்கை கொடு என்று ஒரு சின்ன ஊர் ஊழியரைக் கேட்பது நியாயமில்லை. நிற்க விருப்பமே இல்லாதவரை ஜெயிக்க வைப்பதிலும் பயன் இல்லை. நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். "பதிவு செய்தவர் பெயருக்கு எழுதினால்தான் எண்ணப்படும்" என்று அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி அச்சடிக்கட்டும், பதிவு செய்தவர்களின் பட்டியலைச் சாவடிச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டட்டும். அலாஸ்காவில் 2010-இல் அந்தப் பட்டியலை வாக்காளர்களுக்குக் காட்டலாமா என்பதே நீதிமன்றம் வரை போயிற்று, காட்டலாம் என்று அனுமதி கிடைத்ததும் கடைசி நாட்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலை நிரப்பவே பதிவு செய்தார்கள். அந்த மாதிரிக் குறும்பு நடக்கும் என்பதற்காக வாக்காளரை இருட்டில் வைப்பதா?

வட்டத்தின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2004-இல் சான் டியேகோ மேயர் தேர்தலில் நகரமன்ற உறுப்பினர் டோனா ஃப்ரை ரைட்-இன்னாக நின்றார். 5,500-க்கும் மேற்பட்டவர்கள் அவர் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் இருந்த வட்டத்தை நிரப்ப மறந்திருந்தார்கள். நிரப்பாததால் அவை எண்ணப்படவில்லை. அவர் தோற்றது சுமார் 2,100 வாக்கில். ஒரு மனிதர் பேனாவை எடுத்து ஒரு பெயரை முழுதாக எழுதிய பிறகும், அவர் யாருக்குப் போட்டார் என்பது தெரியவில்லை என்று சட்டம் சொல்கிறது. இதைப் படித்துவிட்டு என்னால் அன்றிரவு சரியாகத் தூங்க முடியவில்லை.

அடுத்து வந்த தேர்தலில் நான் வாக்குச்சாவடிப் பணியாளராகப் பெயர் கொடுத்தேன். பதிவு பெற்ற வாக்காளராக இருந்தால் போதும், பயிற்சி கொடுக்கிறார்கள், நாள் முழுக்க வேலை, கொஞ்சம் பணமும் தருகிறார்கள். இரவு எட்டு மணிக்குச் சாவடியை மூடிய பிறகு, ரைட்-இன் வட்டம் நிரப்பிய சீட்டுகளைத் தனியாக எடுத்து, பதிவு செய்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டோம். எனக்கு எதிரே வேறு கட்சியைச் சேர்ந்த ஒரு பெரியவர். ஒரு சீட்டை இருவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்து, பட்டியலில் இருந்தால் ஒரு கோடு, இல்லாவிட்டால் ஓரமாக. ஓரமாக வைத்தவற்றில் ஒரே கையெழுத்தில் மூன்று பதவிக்கும் தன் மனைவி பெயரை எழுதியவர் இருந்தார், ஒரு பள்ளி ஆசிரியையின் பெயர் ஏழெட்டுச் சீட்டில் வந்தது. அந்த ஆசிரியைக்கு இப்படி எழுதினார்கள் என்பதே தெரிய வராது. பெரியவர் அந்தச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, "இவங்கள்ல யாராவது ஒருத்தர் அந்த அம்மாகிட்ட படிவத்தைப் பத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார், ஆங்கிலத்தில்தான். நான் தலையை ஆட்டினேன்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். நூலகக் குழுவுக்கு அடுத்த தேர்தல் வரும்போது ரைட்-இன் படிவம் வேண்டாம், ஒழுங்காக மனுவே கொடுத்துவிடலாம், பெயரை அச்சிலேயே வரவைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கையெழுத்து திரட்ட வேண்டியிருந்தால் கதை கேட்க வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் இருக்கிறார்கள். தேதி தவறிப்போனால் இருக்கட்டும் என்று அந்த ஒற்றைப் படிவத்தையும் ஒரு பிரதி எடுத்து அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன். மேலே சிவப்புப் பேனாவால் "இரண்டாவது வெள்ளி, மாலை 4 மணி" என்று எழுதியிருக்கிறேன்.